ஒரு செயன்முறைக்கு ஒரு வழக்கு: சி மொழியின் நியம நூலகத்தில் இடவழக்கும் இழைகளும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒன்றரை என்னும் எண்ணைத் தசமத்தில் எழுதும்போது இங்கிலாந்திலும் இலங்கையிலும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையே புள்ளி இடுவர். ஜேர்மனியிலும் பிரான்சிலும் அவ்விடத்தில் காற்புள்ளி இடுவர். இவ்வேறுபாடு மிகச் சிறியது. பாடசாலைக் கணிதத்துக்கு அப்பால் எவரும் இதைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ஆயினும், இத்தகைய சிறு வேறுபாடுகளுக்கு இடமளிக்கும் நோக்குடன் 1980களிற் செய்யப்பட்ட ஓர் ஏற்பாடு இன்றுவரை கணனிச் செய்நிரல்களுள் எண்களைப் பிறழச் செய்யும் ஒரு காரணியாக இருந்து வருகின்றது. அவ்வேற்பாடு சி மொழியின் நியம நூலகத்தில் 'லொக்கேல்' எனப்படுகின்றது. இதனை இக்கட்டுரையில் 'இடவழக்கு' எனக் குறிப்போம். ஒரு நாட்டில் அல்லது ஒரு மொழிச் சமூகத்தில் எண், பணம், நாள், அகரவரிசை ஆகியன எழுதப்படும் வழக்காறுகளின் தொகுதியே இடவழக்காகும்.

கணனி விஞ்ஞானத்துக்குரிய இவ்விடயத்தைக் கலைப்பீட மாணவர் ஒருவர் எடுத்தாளுதல் பொருந்துமா என வினவப்படலாம். நியமம் என்பது குழுக்கள் கூடி, விவாதித்து, விட்டுக்கொடுத்து ஆக்கும் ஓர் ஆவணம். அரசியல் யாப்பொன்றை ஆராயும்போது அதனை ஆக்கியோர் எவர், எவற்றை அவர்கள் இயல்பென எடுத்துக்கொண்டனர், பிற்காலத்தில் அவ்வெடுகோள்கள் எவ்வாறு பொய்த்தன என்று வரலாற்று மாணவர் வினவுவர். அவ்வினாக்களையே நியமத்தின்பாலும் எழுப்பலாம். இடவழக்குச் சார்புகள் பல இழைகள் ஓடும் செய்நிரலுக்குப் பாதுகாப்பற்றவையாக ஆனமைக்குத் தனியொருவரின் கவனக்குறைவு காரணமன்று. தத்தம் அளவில் நியாயமான இரு வரலாற்றுப் போக்குகள் ஒன்றையொன்று அறியாது வளர்ந்து பின்னர் மோதியமையே காரணம் என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆங்கிலத்தை இயல்பெனக் கொண்ட மொழி

சி மொழி 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. யுனிக்ஸ் எனும் பணிசெயல் முறைமையை எழுதுவதற்கான கருவியாகவே அது பிறந்தது. பிறையன் கேர்ணிகனும் றிச்சியும் இணைந்து எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. அதன்பின் அம்மொழி பல்கலைக்கழகங்களிலும் தொழில் நிறுவனங்களிலும் பரவலாயிற்று.

அம்மொழி தோன்றிய சூழலில் வரியுரு என்றால் 'அஸ்கி' அட்டவணையிலுள்ள 128 குறிகளே. எழுத்து என்றால் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்களே. ஒரு வரியுரு எழுத்தா இலக்கமா எனச் சொல்லும் சார்புகள் அவ்வட்டவணையை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டன. தசமக் குறி புள்ளி என்பதும், சொற்களை ஒழுங்குபடுத்துதல் என்றால் வரியுருக்களின் எண்களை ஒப்பிடுதலே என்பதும் அங்ஙனமே எடுத்துக்கொள்ளப்பட்டன. இவை எழுதப்பட்ட விதிகளாக இருக்கவில்லை. மறுத்துரைக்க அருகில் எவரும் இன்மையால் அவை விதி என உணரப்படவுமில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை வேறாக இருந்தது. ஏழு பிற்றுக்களைக் கொண்ட சர்வதேச வரியுருத் தொகுதியான ஐ.எஸ்.ஓ. 646, சில இடங்களை ஒவ்வொரு நாடும் தன் எழுத்துக்களுக்குப் பயன்படுத்த அனுமதித்தது. டென்மார்க்கில் சதுர அடைப்புக்குறிகளுக்கும் இரட்டை வளைவு அடைப்புக்குறிகளுக்கும் உரிய இடங்களில் டேனிய எழுத்துக்கள் அமர்ந்தன. அங்குள்ள செய்நிரலாளர் சி மொழியில் எழுதியதைத் திரையிற் பார்த்தபோது அடைப்புக்குறிகள் இருக்கவேண்டிய இடங்களில் தம் தாய்மொழியின் உயிரெழுத்துக்களைக் கண்டனர். ஒரு மொழியின் இலக்கணமே இன்னொரு மொழியின் நெடுங்கணக்கோடு ஒரே இடத்துக்குப் போட்டியிட்ட விசித்திரம் இது.

2. ஐரோப்பாவின் கோரிக்கையும் நியமக் குழுவும்

சி மொழிக்கு ஒரு நியமம் வகுக்க அமெரிக்க தேசிய நியம நிறுவனத்தின் கீழ் 1983இல் எக்ஸ்3ஜே11 எனும் குழு அமைக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில், 1984இல், புல், ஐ.சி.எல்., சீமென்ஸ், ஒலிவெட்டி, நிக்ஸ்டோர்ப் எனும் ஐந்து ஐரோப்பியக் கணனி உற்பத்தியாளர்கள் சேர்ந்து எக்ஸ்/ஓப்பன் எனும் கூட்டமைப்பை நிறுவினர். தம் நாட்டு வாடிக்கையாளருக்கு அவர்தம் மொழியிலும் வழக்கிலும் இயங்கும் கணனிகளை விற்பது இந்நிறுவனங்களின் வாழ்வுப் பிரச்சினையாகும். ஆகவே யுனிக்சும் சி மொழியும் அமெரிக்க வழக்கை மட்டும் பேசுவது அவற்றுக்கு ஏற்புடையதாக இருக்கவில்லை.

சி மொழியின் நியமம் அமெரிக்க நியமமாக மட்டும் நின்றுவிடாது சர்வதேச நியமமாகவும் ஆகவேண்டுமாயின் ஐரோப்பியரின் இணக்கம் அவசியமாயிற்று. நூலகத்தில் உறைந்திருந்த அமெரிக்கத் தன்மைகள் பிற நாட்டவருக்கு இடையூறாக இருந்தன என்பதைக் குழு தன் விளக்கவுரையில் ஒப்புக்கொண்டது. விளைவுகள் இரண்டு. முதலாவது, அடைப்புக்குறிகளைத் தட்டச்சிட இயலாதோருக்காக மூன்று குறிகளைச் சேர்த்து எழுதும் முறை புகுத்தப்பட்டது. இரண்டாவது, இடவழக்கு எனும் ஏற்பாடு நூலகத்துட் சேர்க்கப்பட்டது. 1989இல் அமெரிக்க நியமமாகவும் 1990இல் சர்வதேச நியமமாகவும் இது வெளிவந்தது. முதலாவது தீர்வு சி மொழியின் 2024இல் வெளியான பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது இன்றும் நிலைக்கின்றது.

3. ஏற்பாட்டின் அமைப்பு

இவ்வேற்பாட்டின் மையம் 'செற்லொக்கேல்' எனும் ஒரு சார்பு. இடவழக்கு ஐந்து பிரிவுகளாக வகுக்கப்பட்டது: வரியுருக்களின் வகை, ஒழுங்குவரிசை, பணம், எண், நாளும் நேரமும். செய்திகளின் மொழிக்கான ஆறாவது பிரிவொன்றைப் பொசிக்ஸ் நியமம் பின்னர் சேர்த்தது. செய்நிரல் 'செற்லொக்கேல்' சார்பை அழைத்து ஒரு பிரிவையோ எல்லாப் பிரிவுகளையுமோ ஒரு நாட்டு வழக்குக்கு மாற்றலாம். மாற்றியபின், எண்ணை அச்சிடும் சார்பு, எண்ணை வாசிக்கும் சார்பு, சொற்களை ஒப்பிடும் சார்பு ஆகியன புதிய வழக்கின்படி நடக்கும்.

இவ்வமைப்பில் இரு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, செய்நிரல் தொடங்கும்போது எப்பொழுதும் 'சி' எனப் பெயரிய பழைய அமெரிக்க வழக்கிலேயே தொடங்கும். பழைய செய்நிரல்கள் ஒரெழுத்தும் மாறாது முன்போல இயங்கவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட சமரசம் இது. இரண்டாவது, அச்சிடும் சார்புக்கோ வாசிக்கும் சார்புக்கோ 'எந்த வழக்கில்?' எனும் வினாவுக்கு விடை தரும் அளபுரு எதுவும் சேர்க்கப்படவில்லை. ஏற்கெனவே உலகெங்கும் எழுதப்பட்டிருந்த இலட்சக்கணக்கான வரிகளில் அச்சார்புகள் அழைக்கப்பட்டிருந்தன; அவற்றின் வடிவத்தை மாற்றுதல் அவ்வரிகளையெல்லாம் உடைப்பதற்கு ஒப்பாகும். எனவே தெரிவு செய்யப்பட்ட வழக்கு, செய்நிரல் முழுவதற்கும் பொதுவான ஓரிடத்தில், கண்ணுக்குப் புலப்படாது வைக்கப்பட்டது. பழமையைப் பேணுதல் எனும் இவ்வொரு நோக்கமே இடவழக்கைப் பொதுநிலையாக்கியது எனலாம்.

4. தனித்திருந்த செயன்முறை

இத்தீர்மானத்தை இன்று நோக்குவோர் அதனை அறியாமை எனக் கூற முற்படுவர். அது வரலாற்று நியாயமன்று. 1980களின் யுனிக்சில் ஓடும் ஒரு செய்நிரல் 'செயன்முறை' எனப்படும். ஒவ்வொரு செயன்முறைக்கும் தனி நினைவகம் உண்டு. ஒன்றின் பொது மாறியை மற்றொன்று தீண்ட இயலாது. ஒரே கணனியில் ஒருவர் ஜேர்மன் வழக்கிலும் இன்னொருவர் பிரெஞ்சு வழக்கிலும் பணிபுரிந்தால் அவை இரு செயன்முறைகள். இரண்டுக்கும் இடையே மோதலில்லை. ஒரு செயன்முறைக்கு ஒரு பயனாளர், ஒரு பயனாளருக்கு ஒரு வழக்கு என்னும் சமன்பாடு அக்காலத்தில் ஏறத்தாழ உண்மையாகவே இருந்தது.

மேலும், நூலகத்தின் வேறு பல பகுதிகளும் இவ்வாறே பொதுநிலையைக் கொண்டிருந்தன. வழுவின் எண்ணைக் கூறும் 'எர்நோ' ஒரு பொது மாறி. நேரத்தைப் பிரித்துத் தரும் சார்பு தன்னிடமிருந்த ஒரே ஒரு நிலையான இடத்திலேயே விடையை எழுதிற்று. ஒரு சொற்றொடரைத் துண்டுதுண்டாக வெட்டும் சார்பு, விட்ட இடத்தைத் தன்னுள்ளே நினைவில் வைத்திருந்தது. ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் வசிக்கும்போது அறைக்கு அறை பூட்டு வைப்பாரில்லை.

5. இழைகளின் வருகை

வீட்டுக்குப் பலர் குடிவந்தனர். ஒரே செயன்முறையினுள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு, பல வேலைகள் ஒருங்கே நடைபெறும் முறை 'இழை' எனப்படும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கிய மாக் எனும் ஆய்வுத் திட்டம் இக்கருத்தை வலுப்படுத்திற்று. 1990களின் தொடக்கத்தில் சொலாரிஸ், விண்டோஸ் என்.ரி. முதலிய வணிகப் பணிசெயல் முறைமைகள் இழைகளை வழங்கின. யுனிக்ஸ் உலகுக்கான இழை நியமம் 1995இல் பொசிக்சின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவ்வாண்டு பொசிக்ஸ் நியமத்தை வகுத்தோர் பழைய நூலகத்தின் பொதுநிலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பரிகாரம் தேடினர். 'எர்நோ' ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியாக்கப்பட்டது. நேரச் சார்புக்கும் சொற்றொடரை வெட்டும் சார்புக்கும், விடையை எழுதவேண்டிய இடத்தை அழைப்பவரே தரும் புதிய வடிவங்கள் சேர்க்கப்பட்டன. அதே 1995இல் சி மொழியின் நியமத்துக்குச் செய்யப்பட்ட திருத்தமும், பல்பைற் வரியுருக்களை மாற்றும் சார்புகளின் மறைநிலையை அழைப்பவர் கையில் ஒப்படைக்கும் புதிய வடிவங்களைத் தந்தது. மறைந்திருக்கும் நிலை ஆபத்தானது என்னும் உணர்வு இரு குழுக்களிடையும் இருந்தமைக்கு இவை சான்று.

அங்ஙனமாயின் இடவழக்கு மட்டும் ஏன் விடப்பட்டது? இங்கேதான் 'எர்நோ'வுக்கும் இடவழக்குக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு வெளிப்படுகின்றது. 'எர்நோ'வில் எழுதுவதும் அதனை வாசிப்பதும் ஒரே இழை. ஆகவே அதனை இழைக்கொன்றாகப் பிரித்தாலும் பழைய செய்நிரல் எதுவும் வேறுபாட்டை உணராது. இடவழக்கு அத்தகையதன்று. செய்நிரலின் தலைமைப் பகுதி தொடக்கத்தில் ஒருமுறை வழக்கைத் தெரிவு செய்யும்; அதன்பின் தோன்றும் எல்லா இழைகளும் அதனைப் பின்பற்றும் என்பதே எதிர்பார்ப்பு. 'செற்லொக்கேல்' சார்பை இழைக்குரியதாக மாற்றினால் அவ்வெதிர்பார்ப்புப் பொய்த்துவிடும். எல்லோருக்கும் பொதுவாக இருத்தலே அதன் பொருள். எல்லோருக்கும் பொதுவாக இருத்தலே அதன் ஆபத்து.

6. முரண்பாட்டின் வடிவங்கள்

ஆபத்து யாதென விளக்குதல் அவசியம். ஜேர்மன் வழக்கில் இயங்கும் செய்நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஓர் இழை பயனாளருக்குத் திரையிற் கணக்கைக் காட்டுகின்றது. இன்னோர் இழை எண்களைக் கோப்பில் எழுதுகின்றது. கோப்பின் வடிவம் தசமத்துக்குப் புள்ளியையே வேண்டுகின்றது. கோப்பை எழுதும் இழை, தற்போதைய வழக்கின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வழக்கைச் 'சி'க்கு மாற்றி, எழுதி முடித்தபின் பழைய வழக்கை மீட்கின்றது. செய்நிரலாளர் பலர் நல்லெண்ணத்துடன் கைக்கொண்ட முறை இதுவே.

இதில் முதலாவது தீங்கு, அவ்விடைவேளையில் திரைக்கு எழுதும் இழையும் அறியாமலே 'சி' வழக்குக்கு மாறிவிடுவது. இது பயனாளர் கண்ணிற்படும்; எனவே ஓரளவுக்குச் சிறு தீங்கு. இதன் மறுதலையே கொடியது. கோப்பை எழுதும் இழை தன் வேலையின் நடுவில் இருக்கும்போது வேறோர் இழை ஜேர்மன் வழக்கை மீட்டுவிட்டால், கோப்பின் பாதியில் எண்கள் காற்புள்ளியுடன் எழுதப்படும். வாசிக்கும்போதும் அவ்வாறே. ஜேர்மன் வழக்கில் 3.75 என்பதை வாசிக்கும் சார்பு, புள்ளியைக் கண்டதும் எண் முடிந்ததெனக் கருதி 3 எனும் விடையைத் தந்து நின்றுவிடும். 0.75 பூச்சியமாகிவிடும். செய்நிரல் நிற்காது, எச்சரிக்கை வராது, தவறான எண் சரியான எண்ணின் தோற்றத்துடன் அடுத்த கணிப்புக்குச் செல்லும்.

இரண்டாவது தீங்கு, குறித்து வைத்தலிலேயே உள்ளது. முதலாம் இழை 'ஜேர்மன்' எனக் குறித்து வழக்கைச் 'சி'க்கு மாற்றுகின்றது. அதன்பின் இரண்டாம் இழை அதே முறையைப் பின்பற்றிக் கேட்கும்போது 'சி' எனும் விடையே கிடைக்கும். அதையே அது குறித்துக்கொள்ளும். முதலாம் இழை முடித்து ஜேர்மன் வழக்கை மீட்கின்றது. பின்னர் இரண்டாம் இழை முடித்து, தான் குறித்தவாறே 'சி'யை மீட்கின்றது. இரு இழைகளும் தத்தம் கடமையைப் பிழையின்றிச் செய்துள்ளன. ஆயினும் செய்நிரல் தன் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தவறான வழக்கில் ஓடும். இதற்கு மேலாக, வழக்கின் பெயரைத் தரும் சுட்டி நூலகத்துக்கே சொந்தமான இடத்தைக் காட்டுகின்றது. அடுத்த அழைப்பு அதனை மேலெழுதலாம். குறித்த பெயரைப் பிரதி செய்து வைக்காதோர் அதனையும் இழப்பர்.

மூன்றாவது தீங்கு நினைவகம் பற்றியது. ஓர் இழை இடவழக்கின் அட்டவணையை வாசித்துக்கொண்டிருக்கும்போது இன்னோர் இழை வழக்கை மாற்றினால், வாசிக்கப்படும் அட்டவணையே நினைவகத்திலிருந்து விடுவிக்கப்படலாம். அப்போது செய்நிரல் முறிந்து வீழும். விந்தை யாதெனில், இம்மூன்றனுள் இதுவே நேர்மையான தீங்கு. வீழ்ந்த செய்நிரலை எவரும் கவனிப்பர்.

'செற்லொக்கேல்' சார்பினுள் ஒரு பூட்டை வைத்தால் என்ன என வினவலாம். குனூ சி நூலகம் அத்தகைய பூட்டைக் கொண்டே இருக்கின்றது. வழக்கை மாற்றும் இருவர் ஒரே வேளையில் மாற்றாதவாறு அது தடுக்கும். ஆனால் எண்ணை அச்சிடும் சார்பு அப்பூட்டைக் கேட்பதில்லை. எல்லாச் சார்புகளும் கேட்டாலும் பயனில்லை. ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையிலேயே வழக்கு மாறிவிடலாம்.

7. தீர்வுகளின் வரலாறு

தீர்வின் வடிவம் அறியப்படாதிருக்கவில்லை. 1997இல் வெளிவந்த ஜாவா மொழியின் 1.1ஆம் பதிப்பு இடவழக்கை ஒரு பொருளாக ஆக்கி, வேண்டிய சார்புக்கு அதனை அளபுருவாகக் கையளிக்கும் வசதியைத் தந்தது. 1998ஆம் ஆண்டின் சி++ நியமமும் இடவழக்கைப் பொருளாக்கியது. இவை புதிதாக எழுந்த நூலகங்கள். பழைய வரிகளின் சுமை அவற்றுக்கு அவ்வளவாக இருக்கவில்லை.

சி மொழியைப் பொறுத்தவரை முன்முயற்சி நியமக் குழுவிடமிருந்து வரவில்லை. நூலகத்தை ஆக்குவோரிடமிருந்தே வந்தது. உல்றிச் டிறெப்பரின் பணியாக, 2002இல் வெளியான குனூ சி நூலகத்தின் 2.3ஆம் பதிப்பில், இடவழக்கை ஒரு பொருளாக உருவாக்கவும், அப்பொருளை இயங்கும் இழைக்கு மட்டும் பொருத்தவும் சார்புகள் வந்தன. பொருத்தும் சார்பின் பெயர் 'யூஸ்லொக்கேல்'. ஓர் இழை அதனை அழைத்தால் அவ்விழையின் வழக்கு மட்டுமே மாறும். அழைக்காத இழைகள் பழையபடி பொது வழக்கையே பின்பற்றும். பழமையைப் பேணுதலும் புதுமையை ஏற்றலும் இங்கு ஒருங்கே இயன்றன. மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் 2005ஆம் ஆண்டுச் சி++ தொகுப்பியில் வேறொரு வழியைக் கைக்கொண்டது: 'செற்லொக்கேல்' சார்பே இழைக்குரியதாக இயங்குமாறு ஓர் ஆளி தரப்பட்டது. குனூ நூலகத்தின் முறை 2008ஆம் ஆண்டின் பொசிக்ஸ் நியமத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எனினும் தீர்வு முழுமையடையவில்லை. வழக்கை அளபுருவாக ஏற்கும் சார்புகள் சிலவற்றைப் பொசிக்ஸ் ஏற்றது. ஆனால் அடிக்கடி தேவைப்படும் எண் அச்சிடும் சார்புக்கும் எண் வாசிக்கும் சார்புக்கும் அத்தகைய வடிவம் 2008இல் நியமமாகவில்லை. இழைக்குப் பொருத்திய வழக்கின் பெயர் யாதெனக் கேட்டறியும் சார்பு 2024ஆம் ஆண்டின் பொசிக்ஸ் நியமத்திலேயே இடம்பெற்றது. சி மொழியின் நியமமோ 2011இல் இழைகளைத் தன்னுள் ஏற்றபோது, 'செற்லொக்கேல்' அழைப்பு இடவழக்கைச் சார்ந்த பிற அழைப்புகளுடன் தரவுப் போட்டியை உண்டாக்கலாம் என எச்சரித்ததோடு நின்றுவிட்டது. நோய்க்குப் பெயரிட்டது, மருந்தை எழுதவில்லை. 2024இல் வெளியான பதிப்பும் 'யூஸ்லொக்கேல்' சார்பை ஏற்கவில்லை.

2014இல் வெளியான குனூ சி நூலகத்தின் 2.19ஆம் பதிப்பு, எச்சார்பு இழைகளுக்குப் பாதுகாப்பானது, எது அற்றது என்பதைத் தன் கைந்நூலில் விரிவாகக் குறிக்கத் தொடங்கியது. 'செற்லொக்கேல்' அங்கே பாதுகாப்பற்றதென வகுக்கப்பட்டது. அதற்குத் தரப்பட்ட காரணம் கருத்தூன்றத்தக்கது: இடவழக்கைப் பிற சார்புகள் யாவும் மாறாதது எனக் கருதி வாசிக்கின்றன, இச்சார்பு அம்மாறாததை மாற்றுகின்றது. இதிலிருந்து பெறப்படும் நடைமுறை விதி எளியது. இழைகள் தோன்றுமுன் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் 'செற்லொக்கேல்' அழைக்கப்படவேண்டும்; அதன்பின் தீண்டப்படலாகாது.

8. மொழிகளின் விலகல்

சி நூலகத்தின்மேற் கட்டப்பட்ட பிற மொழிகள் இப்பிரச்சினையைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றன. பைதன் மொழியின் உட்பகுதி எண்களை வாசிக்கச் சி நூலகத்தை நம்பியிருந்தமையால், எண் பிரிவை எப்பொழுதும் 'சி' வழக்கிலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் பயனாக, பைதனிலிருந்து அழைக்கப்பட்ட வரைகலை நூலகங்கள் பயனாளரின் வழக்கில் எண்களைக் காட்ட இயலாது போயின. 2003இல் முன்வைக்கப்பட்டு 2004இல் வெளியான 2.4ஆம் பதிப்பில் நிறைவேறிய திட்டமொன்று, இடவழக்கைச் சாராத எண் மாற்றத்தைப் பைதனுக்குள்ளேயே அமைத்தது. பேர்ள் மொழி 2018இல் வெளியான 5.28ஆம் பதிப்பில், பொசிக்ஸ் 2008 வசதிகளும் விண்டோசின் வசதிகளும் கிடைக்குமிடங்களில் இழைக்குப் பாதுகாப்பான இடவழக்கைப் பெற்றது. சி++ மொழி 2017இல் இடவழக்கை அறவே பாராத எண் மாற்றச் சார்புகளைச் சேர்த்தது. பி.எச்.பி. மொழி 2020இல் தசம எண்ணை எழுத்தாக்கும்போது இடவழக்கைப் பின்பற்றுவதை நிறுத்தியது.

இவற்றுக்கிடையே ஒரு பொதுப்போக்கைக் காணலாம். அம்மொழிகள் இடவழக்கை மறுக்கவில்லை. மனிதர் வாசிக்கும் எழுத்தையும் பொறி வாசிக்கும் எழுத்தையும் பிரித்தறியத் தொடங்கின. 1989இன் ஏற்பாட்டில் இவ்விரண்டும் ஒரே சார்பின் வழியே சென்றன. திரைக்குச் செல்லும் எண்ணும் கோப்புக்குச் செல்லும் எண்ணும் வேறு வேறு வாசகரை நோக்கியவை என்பதை நூலகம் அறிந்திருக்கவில்லை. இழைகளின் மோதல் இக்குழப்பத்தைப் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை வெளிக்கொணர்ந்தது. ஏனெனில் ஓர் இழை மட்டுமே கொண்ட செய்நிரலிலும், ஜீ.ரி.கே. போன்ற வரைகலை நூலகம் தன் தொடக்கத்திற் பயனாளரின் வழக்கை அமைத்துவிட்டால், எண்களைப் புள்ளியுடன் எதிர்பார்த்த வேறொரு பகுதி பிறழும். இழைகள் வந்தபின் அதே பிறழ்வு நேரத்துக்கு நேரம் தோன்றியும் மறைந்தும் தேடுதற்கரியதாயிற்று.

9. தமிழின் நிலை

தமிழரும் இலங்கையரும் புள்ளியையே தசமக் குறியாகக் கொள்வதால் எண்ணின் பிறழ்வு நம்மை அதிகம் தீண்டாது எனத் தோன்றலாம். ஆனால் இடவழக்கின் ஒழுங்குவரிசைப் பிரிவு தமிழுக்கு இன்றியமையாதது. 1991இல் வெளியான யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அவ்வட்டவணையில் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் இடையே வைக்கப்பட்டுள்ளது. நம் நெடுங்கணக்கிலோ னகரமே இறுதி மெய். றகரம் அட்டவணையில் ரகரத்தை அடுத்தும் லகரத்துக்கு முன்பும் வருகின்றது. நெடுங்கணக்கில் அது ளகரத்தின் பின்னேயே வரும். எனவே லண்டன், வவுனியா, றம்பொடை எனும் மூன்று பெயர்களைத் தமிழ் முறைப்படி ஒழுங்குபடுத்தினால் இவ்வரிசையே கிடைக்கும். குறியீட்டு எண்களை மட்டும் ஒப்பிட்டால் றம்பொடை முதலிடம் பெறும்.

சரியான வரிசையைத் தருவது இடவழக்கின் வேலை. குனூ சி நூலகம் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி இடவழக்குகளைக் கொண்டுள்ளது. ஒரு நூலகப் பட்டியலையோ வாக்காளர் இடாப்பையோ ஓர் இழை தமிழ் வழக்கில் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கையில் வேறோர் இழை எண்ணொன்றை எழுதுவதற்காக எல்லாப் பிரிவுகளையும் 'சி'க்கு மாற்றுமாயின், பட்டியலின் ஒரு பகுதி நெடுங்கணக்கையும் மறுபகுதி குறியீட்டு எண்ணையும் தழுவி நிற்கும். அத்தகைய பட்டியலில் இருபாகத் தேடலைச் செய்யும் செய்நிரல், உள்ள பெயரையும் இல்லையென்று கூறிவிடும். 'சி' வழக்கு ஆங்கிலத்துக்கு ஏறத்தாழப் போதுமானதாதலால் ஆங்கிலத்தில் மட்டும் பணிபுரிவோர் இவ்வழுவைக் காண்பது அரிது. வழுவின் சுமை, 'சி' வழக்கிலிருந்து வேறுபட்ட மொழிகளின்மேலேயே விழுகின்றது. இடவழக்கே தேவையில்லை, எங்கும் 'சி' வழக்கே போதும் என்று இன்று சிலர் கூறும் தீர்வை நாம் எச்சரிக்கையுடன் நோக்கவேண்டியதும் இதனாலேயே.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று, இடவழக்கைப் பொதுநிலையாக்கிய தீர்மானம் 1980களின் செயன்முறைக்குப் பொருந்தியதே. அதன் குறை, காலம் மாறியபோது எடுகோளும் மாறவேண்டும் என்பதற்கு வழி வைக்காமை. இரண்டு, பழைய வரிகளை உடைக்கலாகாது எனும் ஒரே கொள்கை, அவ்வேற்பாட்டை இயலச் செய்ததோடு அதன் திருத்தத்தையும் பல ஆண்டுகள் தாமதப்படுத்திற்று; 1989க்கும் பொசிக்ஸ் ஏற்ற 2008க்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்தன. மூன்று, நியமக் குழு ஆபத்தை எச்சரித்து நின்ற இடத்தில் நூலகம் ஆக்குவோரே மாற்றுவழியைச் செய்து காட்டினர். நியமம் பின்னர் அவர்களைத் தொடர்ந்தது.

வரலாற்று மாணவர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. வெளிப்படையாக எழுதப்பட்ட விதியை எதிர்த்து வாதாடலாம், திருத்தலாம். எழுதப்படாது இயல்பென உறைந்துவிட்ட எடுகோளோ, அதற்கு மாறானவர் ஒருவர் அவைக்கு வரும்வரை தன்னை வெளிப்படுத்துவதில்லை. டேனியர் வந்தபோது அடைப்புக்குறி வினாவாயிற்று. ஜேர்மனியர் வந்தபோது தசமப்புள்ளி வினாவாயிற்று. இழைகள் வந்தபோது 'ஒரு செயன்முறைக்கு ஒரு வழக்கு' என்பதே வினாவாயிற்று. தமிழின் ஒழுங்குவரிசையும் அவ்வாறான வினாவே. அதனை எழுப்புவதற்கு, நியமங்கள் ஆக்கப்படும் அவைகளில் தமிழறிந்தோரும் அமர்ந்திருத்தல் வேண்டும்.